சிவந்த கண்ணுக்கெல்லாம் ஒரே சொட்டா?

மகனுக்கு அம்மா எழுதுவது.

நீ நன்றாக இருக்கிறாயா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறாய் என்று ஒடுகத்தூருக்கு இறங்கிப் போய் வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். மருந்துக் கடைக்குப் புதிதாகக் கண்ணாடி அலமாரி போட்டிருக்கிறாயாம். சந்தை நாளில் கூட்டம் ரோடு வரைக்கும் நிற்கிறதாம். தையில் உனக்குக் கல்யாணம். இதையெல்லாம் கேட்டுப் பூரித்துப்போக வேண்டிய நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஆடு விற்கப் போனவரிடம் நீ கொடுத்தனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு கறுப்புக் கண்ணாடி, கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "குப்பு அத்தை கல்யாணத்துக்கு வரும்போது இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரட்டும். பெண் வீட்டார் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்டால் சங்கடம்." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். அவளுக்கு வலி நின்றதா, சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று ஒரு வார்த்தை இல்லை. சீட்டை உன் அப்பாவிடம் நீட்டினேன். படித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு புளியமரங்கள் பக்கம் போய்விட்டார்.

வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னது ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும்தான். அந்த அம்மா சொன்னது குப்புவின் கண் கூசக் கூடாதே என்று. நீ அனுப்பியது உன் மானம் போகக் கூடாதே என்று. அந்தக் கண்ணாடியை நான் அவளிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் சந்தோஷமாக வாங்கி மாட்டிக்கொள்வாள், "தம்பி வாங்கி அனுப்பிச்சுது" என்று ஊரெல்லாம் காட்டுவாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இந்தக் கடிதம் உனக்கு மட்டுமானது இல்லை. இன்னொரு நகல் எடுத்து ஒரு வாரப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். உன் பெயரையோ கடையின் பெயரையோ எங்கேயும் எழுதவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே. பெயரைப் போட்டால் மற்ற கடைக்காரர்கள் யாரோ ஒருத்தன் செய்த தப்பு என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். பெயர் இல்லாவிட்டால் ஒருவேளை நம்மைத்தான் சொல்கிறாளோ என்று ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். ஊர் தெரியாதவர்களும் படிக்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் முதலிலிருந்தே சொல்கிறேன். பொறுமையாகப் படி. கூட்டம் நிற்கிறது என்று பாதியில் மடித்து வைக்காதே.

நாங்கள் சந்தவாசல் பக்கத்துக் குடும்பம். உன் அப்பா ஜவ்வாது மலைக்கு ஏறி வந்து புளியும் சாமையும் வாங்கிக் கீழே விற்றுக்கொண்டிருந்தவர். ஏறி இறங்கி அலுத்துப்போய் இங்கேயே ஒரு மளிகைக் கடை வைத்துத் தங்கிவிட்டார். நான் எட்டாவது வரை படித்தவள், மலைமேல் குடித்தனம் என்றதும் அழுதேன். அழுத நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவள் பக்கத்து வீட்டுக் குப்பு. மலைக்காரப் பெண், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. என்னை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தாள், அதனால் உனக்கு அத்தை ஆனாள். நீ நடை பழகியது அவளுடைய கேழ்வரகுக் கொல்லையில்தான்.

உனக்கு மூன்று வயது நடக்கும்போது மணல்வாரி அம்மை வார்த்தது. அம்மை இறங்கிய பிறகு பேதி பிடித்துக்கொண்டது. எலும்பும் தோலுமாகப் போனாய். உன் அப்பா புளி வண்டியோடு கலசப்பாக்கம் போயிருந்தார். எனக்கு உன் தங்கச்சி வயிற்றில், மாதம் நிறைந்து எழுந்து நடக்கவே சிரமம். அந்த நேரத்தில் ஒருநாள் பொழுது சாயும்போது உனக்குக் கூழ் ஊட்ட வந்த குப்பு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, புள்ளைக்கு அந்தியில கண்ணு தெரியல. கிண்ணம் எதுக்கால இருக்குது, அது தரையத் தடவுது பாரு" என்றாள். உன் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினாள். நீ திரும்பவே இல்லை. விடிந்ததும் உன்னைச் சேலையால் முதுகில் கட்டிக்கொண்டு மலையிறங்கினாள். அப்போது ரோடும் இல்லை, பஸ்ஸும் இல்லை, காட்டுப் பாதைதான். அடிவாரத்தில் ஒரு மாட்டுவண்டியைப் பிடித்து, அப்புறம் பஸ் ஏறி, முன்பின் பார்த்திராத வேலூரில் வழி கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே உன் கண்ணைப் பார்த்த டாக்டர் குப்புவைத்தான் தாய் என்று நினைத்துச் சத்தம் போட்டாராம். வெள்ளை விழி பளபளப்பு இல்லாமல் காய்ந்து, ஓரத்தில் சோப்பு நுரை போல ஒரு திட்டு படிந்திருந்தது. உடம்பில் ஏ வைட்டமின் வற்றிப்போனால் முதலில் மாலைக்கண் வரும், அதையும் கவனிக்காமல் விட்டால் கறுப்பு விழியே கரைந்து போய்விடும், அம்மை போட்டு எழுந்த குழந்தைக்கு அது வெகு சீக்கிரம் நடக்கும் என்று சொன்னாராம். எண்ணெய் போன்ற மருந்தை உன் வாயில் ஊற்றினார்கள். மறுநாளும் ஊற்றினார்கள். கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள், அதற்கும் அவளே சுமந்துகொண்டு போனாள். முருங்கைக்கீரையும் பப்பாளியும் தினம் கொடுக்கச் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கீரையை மசித்து மசித்து உன் வாயில் திணிப்பாள், நீ துப்புவாய், அவள் திரும்பத் திணிப்பாள். ஒருநாள் அந்தி மங்கின நேரத்தில் நீ கோழியைத் துரத்திப் பிடித்துவிட்டாய். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நீ இன்றைக்கு மருந்துச் சீட்டில் இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கிறாயே, அந்தக் கண் அவள் காப்பாற்றிக் கொடுத்த கண்.

உன் அப்பாவின் கண் புரையைப் பற்றியும் எழுத வேண்டும். அது உனக்கே நன்றாக நினைவிருக்கும். நீ பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். அவருக்கு எல்லாம் பனி மூடியது போலத் தெரிய ஆரம்பித்து, தராசின் முள் எங்கே நிற்கிறது என்று வாங்க வந்தவர்களையே கேட்கும் நிலைமைக்கு வந்துவிட்டார். கீழே பள்ளிக்கூடத்தில் கண் முகாம் என்று தண்டோரா போட்டார்கள். கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று பயந்தவரை நானும் நீயும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். அங்கே அறுப்பதற்கு முன்னால் எத்தனை சோதனை செய்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள். கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள். மூக்கோரம் அழுத்தி, கண்ணீர்ப் பையிலிருந்து சீழ் வருகிறதா என்று பார்த்தார்கள். சீழ் வந்தவர்களை, இப்போது அறுத்தால் கண்ணே போய்விடும், முதலில் இதைச் சரி செய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். புரை முற்றட்டும் முற்றட்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்து வந்த ஒரு பெரியவருக்கு, இது புரையே இல்லை, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போயிற்று, முன்னாலேயே வந்திருந்தால் சொட்டு மருந்து போட்டுத் தடுத்திருக்கலாம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அவர் "அப்ப நான் காத்துனு இருந்தது இன்னாத்துக்கு?" என்று கேட்டது இப்போதும் என் காதில் இருக்கிறது.

அப்பாவுக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. வகுப்பறைத் தரையில் பாய் விரித்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். தலை அசையக் கூடாது என்று இரண்டு பக்கமும் மணல் பை. நீதான் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டினாய். கட்டுப் பிரித்து, சோடாபாட்டில் அடி போன்ற தடிக் கண்ணாடியை மாட்டிவிட்டதும் அவர் உன் முகத்தைப் பிடித்துப் பார்த்து, "டேய், உனக்கு மீசை மொளச்சிட்டுதாடா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சொன்னாய், "நான் மருந்துக்குப் படிக்கிறேம்மா" என்று. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை எழுதத் தெரியவில்லை. ஒரு கண்ணைத் தொடுவதற்கு முன்னால் இத்தனை பார்க்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நீ. அதனால்தான் என் கோபம் இவ்வளவு.

இப்போது கார்த்திகை மாதம் நடந்ததற்கு வருகிறேன். அந்தச் சமயத்தில் மலைமேலும் கீழேயும் மெட்ராஸ் ஐ வீட்டுக்கு வீடு வந்தது. கண் சிவந்து, பீளை தள்ளி, காலையில் இமை ஒட்டிக்கொண்டு ஜனங்கள் உன் கடைக்கு வந்தார்கள். நீ எல்லோருக்கும் ஒரே சொட்டைக் கொடுத்தாய். போட்டவர்களுக்கு மறுநாளே சிவப்பு குறைந்தது. உனக்குக் கைராசி என்று பேர் கிளம்பியது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே ஆறிவிடும், கையைக் கழுவிக்கொண்டு துண்டைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும் என்பது உன் புத்தகத்திலேயே இருந்திருக்கும். அதை யாரிடமும் நீ சொன்னதாகத் தெரியவில்லை. சொன்னால் சொட்டு விற்காது.

அப்போதுதான் இங்கே சாமை அறுத்துக் களத்தில் தூற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று திரும்பி அடித்ததில் குப்புவின் வலது கண்ணில் ஒரு பதர் வேகமாகப் பட்டது. கசக்கினாள், தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மறுநாள் கண் சிவந்து, நீர் கொட்டி, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. சந்தை நாள் வந்ததும் உன்னிடம்தான் வந்தாள். வேறு யாரிடம் போவாள்? உள்ளே நின்று மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே நீ கேட்டாயாம், "இன்னா அத்தை, உனக்கும் மெட்ராஸ் ஐ வந்துட்டுதா? இந்தா, நாலு வேளை ஊத்து, போய்டும்" என்று. "களத்துல பதரு பட்டுது தம்பி" என்று அவள் சொல்லியிருக்கிறாள். நீ அடுத்த ஆளுக்கு மாத்திரை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி அவள் கண்ணைப் பார்த்திருக்கக் கூடாதா? அவளுக்கு வந்தது ஒரு கண்ணில் மட்டும். பீளை இல்லை. பட்ட காயம் என்று அவளே வாயால் சொல்கிறாள். இதற்கு மேல் ஒரு கண் உன்னிடம் எப்படித்தான் சொல்லும்?

சொட்டுப் போட்டதும் சிவப்பு குறைந்தது, வலி அடங்கியது. "தம்பி குடுத்தது நல்லா கேக்குது அண்ணி" என்று என் வாசலில் நின்று உன் புகழ் பாடினாள். நானும் நம்பினேன். பாட்டில் தீர்ந்ததும் திரும்ப உன்னிடம் வந்தாள். "வலி இல்ல தம்பி, ஆனா அந்தக் கண்ணுல பொகை மாதிரி தெரியுது" என்றாளாம். மருந்துக் கம்பெனி ஆள் ஒருத்தரோடு பேசிக்கொண்டிருந்த நீ, பேச்சை நிறுத்தாமலே இன்னொரு பாட்டிலை எடுத்து நீட்டினாய். முதல் தடவை நீ செய்ததை அவசரம் என்று சொல்லி என் மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். இந்த இரண்டாவது தடவைக்கு எனக்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை. பார்வை மங்குகிறது என்று ஒருத்தி சொல்கிறாள், நீ மருந்து படித்தவன், அவள் உன்னை முதுகில் சுமந்தவள், நீ இன்னொரு பாட்டில் விற்கிறாய்.

சில நாள் கழித்து அவள் வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில் போனேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடித்துத் திருப்பினேன். கறுப்பு விழியின் நடுவில் பச்சரிசி போல ஒரு வெள்ளை, அதைச் சுற்றிப் புகை, விழிக்குள் கீழே சீழ் கட்டியிருந்தது. "எப்பலேர்ந்து?" என்றேன். "முந்தாநேத்துலேர்ந்து குத்துது அண்ணி. தம்பி குடுத்தத விடாம ஊத்தினு தான் இருக்கறேன்" என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கண் டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். விளக்கடித்துப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "என்ன சொட்டு போட்டீங்க? பாட்டில் இருக்கா?" என்றார். குப்பு முந்தானை முடிச்சிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "இதை யாரும்மா உங்களுக்குக் கொடுத்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் குப்பு, "சந்தையில ஏதோ ஒரு கடை. பேரு தெரியாது டாக்டரம்மா" என்றாள். வாழ்நாளில் பொய் சொல்லி நான் பார்த்திராதவள், அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு உனக்காகப் பொய் சொன்னாள். "இல்லீங்க, என் மவன் கடையில குடுத்தது" என்று நான் சொன்னேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். தலை நிமிர முடியவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். செடி, பதர், வைக்கோல் பட்டுக் கண்ணின் கறுப்பு விழியில் கீறல் விழுந்தால் அந்த வழியாகக் காளான் கிருமி உள்ளே போய்ப் புண்ணாக்கும். களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது. நீ கொடுத்தது ஸ்டீராய்டு கலந்த சொட்டு. அது சிவப்பை அடக்கும், வலியை அடக்கும், நோயாளிக்கு நல்லாகிவிட்டது போலத் தெரியும். உள்ளே கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் பலத்தையும் சேர்த்து அடக்கிவிடும். கிருமிக்கு அது கொண்டாட்டம். "முதல்லயே வந்திருந்தா சுரண்டிப் பார்த்து, சரியான மருந்து போட்டு, சின்னத் தழும்போட காப்பாத்தியிருக்கலாம். வாரத்துக்கு எத்தனை பேர் இப்படி வர்றாங்க தெரியுமா? சிவந்த கண்ணுக்கெல்லாம் ஒரே சொட்டா?" என்றார். என்னிடம் கேட்டாலும் அது உன்னிடம் கேட்ட கேள்வி.

புண்ணைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். காளான்தான். வார்டில் சேர்த்து, மணிக்கு ஒரு தடவை சொட்டு, ராத்திரி பகல் என்று இல்லை. கண்மணி சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இன்னொரு சொட்டு, அதைப் போட்டால் வெளிச்சம் ஊசியாகக் குத்தும். ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குச் சொல்லி அனுப்பினேன். ஒடுகத்தூரிலிருந்து வேலூருக்கு ஒரே பஸ், உட்கார்ந்தால் இறங்க வேண்டியதுதான். "சந்தை சமயம், கடைய வுட்டு வர முடியாது, அப்புறம் வர்றேன்" என்று பதில் வந்தது. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. குப்பு ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் நல்ல கண்ணைத் திருப்பிப் பார்த்தாள். நான் உன்னைத் திட்டினபோது, "தம்பி மேல கோவப்படாத அண்ணி. அத்தினி கூட்டத்துல அது இன்னா பண்ணும், பாவம்" என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. "உன் கண்ணு போச்சுடி! பாவம் நீயா அவனா?" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள்.

கண்ணைத் தோண்டி எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். அவர்கள் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் விழி முழுக்க வெள்ளையாக மூடிவிட்டது. விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பது மட்டும் தெரிகிறது. இறந்தவர்கள் தானமாகக் கொடுக்கிற கண்ணிலிருந்து முன்பக்கத்து விழியை எடுத்து மாற்றி வைக்க முடியுமாம், கண் கிடைக்க வேண்டும், கிடைத்தாலும் ஒட்டுமா என்று உறுதி சொல்ல முடியாதாம். பேர் எழுதி வைத்திருக்கிறோம். இப்போது அவள் ஒரு கண்ணோடு மலைப்பாதையில் நடக்கிறாள். மேடு பள்ளம் சரியாகப் பிடிபடாமல் தடுக்குகிறாள். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போது விளிம்பைத் தவறவிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டாள்.

வீட்டில் உன் அப்பா, "வுடுடி, தெரிஞ்சா செஞ்சான்? நம்ம புள்ளடி" என்கிறார். தெரிந்து செய்தால் அதற்குப் பேர் வேறு. தெரிந்துகொள்ளாமல் செய்தாய் என்பதுதான் என் கோபம். தெரிந்துகொள்வதற்கு உனக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு, தலையைத் தூக்கி அவளைப் பார்க்கிற நேரம் மட்டும்தான். எல்லாக் கடையிலும் இதைத்தான் விற்கிறார்கள் என்று முன்னால் ஒரு தடவை அப்பாவிடம் சொன்னாயாம். எல்லாக் கடையும் என் வயிற்றில் பிறக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உன் முன்னால் கண் சிவந்து ஒருத்தர் வந்து நின்றால் முதலில் கையிலிருப்பதைக் கீழே வை. இரண்டு கண்ணும் சிவந்து, பீளை வந்து, பார்வை நன்றாக இருந்தால் மெட்ராஸ் ஐ என்று நினைக்க இடமுண்டு. அப்போதும் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல், சில நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் போகச் சொல். ஏதாவது பட்டதா என்று கேள். பட்டது என்றால் ஒரு சொட்டும் ஊற்றாதே, பஸ் ஏற்றிவிடு. இலைச்சாறு பிழிந்தேன், தாய்ப்பால் விட்டேன் என்று சொன்னாலும் வையாதே, இனி விடாதே என்று சொல்லி அனுப்பு. ஒரு பக்கம் தலை பிளக்கிற மாதிரி வலிக்கிறது, வாந்தி வருகிறது, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்றால் அது கண் அழுத்தம். தலைவலி மாத்திரை கொடுத்து உட்கார வைத்தால் சீக்கிரத்தில் பார்வை போய்விடும். பார்வை மங்குகிறது என்று யார் சொன்னாலும், அது குழந்தையானாலும் கிழவனானாலும், உன் அலமாரியில் அதற்கு மருந்து இல்லை. நீ கொடுத்த அந்தச் சொட்டையே மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்களுக்குக் கண் அழுத்தமும் புரையும் வரும் என்று டாக்டரம்மா சொன்னார். உன்னிடம் வாடிக்கையாக வாங்குகிறவர்கள் யார் யார் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொருத்தரையும் தேடிப்போய்ச் சொல். கண் டாக்டரிடம் காட்டாமல் இனி ஒரு சொட்டும் போட வேண்டாம் என்று சொல்.

போன திங்கட்கிழமை உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். சந்தவாசலுக்குப் போய் உன் வருங்கால மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். கல்யாணத்தைக் கலைக்கப் போகவில்லை. குப்பு என் பக்கத்தில், மணவறைக்கு எதிரில், கண்ணாடி இல்லாமல் உட்காரப் போகிறாள். அவள் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று போனேன். சம்பந்தி நல்ல மனுஷர். கேட்டுவிட்டு, "வியாபாரம்னு இருந்தா நாலும் நடக்கும்ங்க. மாப்பிள்ளை வேணும்னா செஞ்சாரு? காப்பி சாப்பிடுங்க" என்றார். உன் அப்பாவைப் போலவே பேசினார். காப்பியைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டேன்.

உனக்கு நிச்சயம் செய்திருக்கிற செல்வி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளம்ப எழுந்தபோது அவள் அப்பா இருப்பதையும் பார்க்காமல் முன்னால் வந்தாள். "அத்தை, ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள். கேளம்மா என்றேன். "அந்த சொட்ட இன்னும் அவரு யார் கேட்டாலும் குடுக்கிறாருங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நீ கடிதத்தில் எழுதி அனுப்புகிற பதில் எனக்கு வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை சந்தைக்கு நான் இறங்கி வருகிறேன். உன் கடைக்கு எதிரில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பேன். கண் சிவந்த யாராவது ஒருத்தர் வருவார், சந்தை நாளில் வராமல் இருக்க மாட்டார். நீ என்ன செய்கிறாய் என்று பார்த்துவிட்டு, அங்கிருந்தே சந்தவாசலுக்குப் பஸ் ஏறுவேன். பார்த்ததைப் பார்த்தபடி அந்தப் பெண்ணிடம் சொல்வேன்.

அம்மா